பிடித்த மீனை விடுவதும் ஒரு கல்வியே

பள்ளி விடுமுறை தொடங்கியதும் நம் மாணவர்கள் பலர் தந்தையுடனோ மாமாவுடனோ தூண்டிலை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். கைப்பேசியை மறந்து நீர்க்கரையில் பொறுமையுடன் காத்திருக்கப் பழகுவது நல்லதே. ஆயினும், பொழுதுபோக்காகப் பிடித்த மீனை மீண்டும் நீரில் விடவும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கென்யிர், தெமெங்கோர் ஏரிகளில் தூண்டில்காரர்கள் பெரிதும் நாடும் தோமான் மீனையே எடுத்துக்கொள்வோம். விரால் இனத்தைச் சேர்ந்த இம்மீன் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும். செந்நிறக் குஞ்சுகள் மூச்செடுக்கக் கூட்டமாக நீர்மேல் வரும்போது அங்கே தூண்டிலை வீசினால், காவலிருக்கும் தாயோ தந்தையோ சீறிவந்து கவ்வும். அதனை வீட்டிற்குக் கொண்டுபோய்விட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். நாம் பிடித்தது ஒரு மீன். அழிந்ததோ ஒரு குடும்பம்.

விடுவதற்கும் முறை உண்டு. தூண்டில் முள்ளின் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டால் முள் எளிதில் கழன்றுவிடும். கையை நனைத்த பின்னரே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை, நோயைத் தடுக்கும் அதன் வழவழப்பை உரித்துவிடும். படம் எடுப்பதாயின் விரைந்து எடுக்க வேண்டும். முள் தொண்டைக்குள் ஆழமாகச் சென்றிருந்தால் இழுக்காமல் நரம்பை வெட்டிவிடுவதே மேல். மீன் தானாக நீந்தும்வரை நீருக்குள் தாங்கிப் பிடித்திருப்பது கடமை.

“உண்ணாத மீனை ஏன் துன்புறுத்த வேண்டும்?” எனச் சிலர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. உணவுக்காகப் பிடிப்பதை நான் குறைகூறவில்லை. தெமெங்கோர் வட்டாரப் பூர்வகுடியினருக்கு ஆற்றுமீன் அன்றாட உணவு. வேடிக்கைக்காகச் செல்லும் நாம்தாம் அளவறிய வேண்டும். அதே வேளையில், எல்லா மீனையும் விடுவது அறமாகாது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து இங்குள்ள பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் பெருகிவிட்ட பீக்காக் பாஸ் போன்றவை உள்நாட்டு மீன்களை விழுங்குகின்றன. அவற்றை மீண்டும் நீரில் விடாதிருப்பதே நல்லது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! விடுமுறை முடிந்து வரும் பிள்ளையிடம், “எவ்வளவு பெரிய மீன் பிடித்தாய்?” என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். “அதை எப்படி விட்டாய்?” என்றும் கேளுங்கள். நன்னெறிக் கல்வி அங்கேயும் நிகழும்.