ரெண்டு நத்தை வாங்கிப் போட்டா சரியாகிடுமா?

மீன்தொட்டிக் கண்ணாடியில் பாசி பிடித்துவிட்டால் நம்ம பக்கம் எல்லோரும் சொல்ற மருந்து ஒன்றுதான். "ரெண்டு நத்தை வாங்கிப் போடு தம்பி, எல்லாத்தையும் தின்னுடும்." அவிசாவளை, இரத்தினபுரி, கேகாலை என்று எந்த டவுனில் மீன் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு தொட்டியில் மஞ்சள் நிறத்தில், கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசாக நாலைந்து நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அழகுதான். கொம்பை நீட்டிக்கொண்டு கண்ணாடியில் ஏறும்போது சின்னப் பிள்ளைகள் மீனை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள். நத்தை வளர்க்காதீங்க என்று சொல்ல இதை எழுதவில்லை. நத்தையைத் துடைப்பமாக நினைத்து வாங்காதீங்க என்பதுதான் என் கட்சி.

முதலில் பாசி எங்கிருந்து வருது? வெளிச்சமும் உரமும் சேர்ந்தால் பாசி. லய வீட்டுக்கு வெளிச்சம் வருவது பெரும்பாலும் முன்வாசல் வழியாகத்தான், அதனால் தொட்டியும் இஸ்தோப்பில்தான் இருக்கும். காலை வெயில் நேராக விழும். ராத்திரி அழகுக்கு ஒரு எல்.ஈ.டி. பல்ப், விடியும் வரை எரியும். வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் தனித்தனியாகத் தீனி போடுவார்கள், மற்றவர் போட்டது யாருக்கும் தெரியாது. மீன் தின்னாத தீனி அடியில் கிடந்து அழுகி நைத்திரேற்றாகவும் பொசுபேற்றாகவும் மாறும். மலைக்கு உரம் போட்ட பிறகு தேயிலை தளதளவென்று வருதே, அதே வேலைதான் தொட்டிக்குள்ளும் நடக்கிறது.

நத்தை அந்தப் பாசியைச் சுரண்டித் தின்னும், மறுக்கவில்லை. அதன் வாய்க்குள் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள் பதித்த ஒரு நாடா இருக்கு, அரம் மாதிரி. ஆனா தின்றது எங்கே போகும்? கழிவாக அதே தண்ணிக்குள்தான். பச்சையாகக் கண்ணாடியில் இருந்தது கறுப்பாக அடியில் வந்து கிடக்கும், அடுத்த கிழமை மறுபடி பச்சையாகும். தொட்டியிலிருந்து உரத்தை வெளியே கொண்டுபோகிற சாமான் வாளிதான். கிழமைக்கு ஒருதரம் கால்வாசித் தண்ணியை மொண்டு மிளகாய்ச் செடிக்கு ஊற்றினால் செடிக்கும் நல்லது, தொட்டிக்கும் நல்லது. ராத்திரி பல்பை அணைத்துவிட்டு, தீனி போடுகிற பொறுப்பை ஒருத்தரிடம் கொடுத்தால் பாதிப் பாசி தானாகக் குறையும். இதற்கு ஒரு சதம் செலவில்லை. செலவில்லாத ஆலோசனையைக் கடையில் யாரும் சொல்ல மாட்டாங்க, அது வேற கதை.

அதிலும் கடையில் விற்கிற அந்த மஞ்சள் நத்தை பெரும்பாலும் பொமேசியா டிஃபூசா, சொந்த ஊர் தென்னமெரிக்கா. பாசி மேல் அதற்கு அவ்வளவு ஆசை கிடையாது. மிச்சத் தீனி, அழுகிய இலை, செத்த மீன், இதுதான் அதன் சாப்பாடு. 20 லீற்றர் தொட்டியில் நாலு விட்டால் மீனை விட நத்தைதான் கூட அழுக்காக்கும். ஒன்று செத்து, தூங்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தால் அமோனியா ஏறி மீன்களும் போய்ச் சேரும்.

நம்ம தண்ணியும் ஒரு பிரச்சினை. சப்ரகமுவ மலைகளில் மழை அதிகம், பாறையில் சுண்ணாம்பு குறைவு. பீலியில் வருகிற தண்ணி மென்மையானது. குடிக்க அருமை, நத்தைக்கு ஆகாது. ஓடு கட்டக் கல்சியம் வேணும். கிடைக்காவிட்டால் ஓட்டின் நுனி வெளிறி, குழி விழுந்து, கரையத் தொடங்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணி கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும், அவ்வளவு சுண்ணாம்பு. அங்கே கொழுகொழுவென்று வளர்கிற அதே நத்தை தெரணியகலைக்கு வந்தால் ஓட்டை இழக்கும். கணவாய் ஓடு ஒரு துண்டு, அல்லது கழுவிக் காயவைத்து நொறுக்கிய முட்டைக் கோது தொட்டியில் போட்டு வையுங்க. நத்தை விற்கும்போது கட்டாயம் சொல்ல வேண்டியது இது.

இன்னொன்று செப்பு. நத்தைக்கு அது விஷம். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் ஊற்றுகிற சில மருந்துகளில் செப்பு இருக்கு, மீன் பிழைக்கும், நத்தை செத்துடும். தேயிலைக் கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்த பிறகு மலைகளில் செப்பு மருந்து அடிப்பதும் வழக்கமாகிப்போனது. உங்கள் பீலி மருந்து அடித்த மலைக்குக் கீழே இருந்தால் அன்றைக்குத் தொட்டிக்குத் தண்ணி பிடிக்காதீங்க. (அந்தத் தண்ணியை நாம் குடிக்கிறோமே என்று கேட்டால், கேட்க வேண்டிய கேள்விதான். தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்க.)

சரி, நத்தை செத்தால் ஒரு கவலை. சாகாமல் பெருகினால்? பொமேசியா தண்ணி மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் முட்டையைக் கொத்தாக ஒட்டும், ஒரு கொத்தில் நூற்றுக்கும் மேலே. நாலு நத்தை நாற்பதாகிறது, நாற்பது நானூறாகிறது. அப்புறம் என்ன செய்வோம்? கொல்ல மனசு வராது. வாளியில் அள்ளிக் கானில் ஊற்றுவோம், இல்லையென்றால் "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று ஓயாவில் விடுவோம். கான் ஓயாவுக்குப் போகுது, ஓயா களனிக்கோ களுவுக்கோ போகுது. இந்த நத்தை மீன்தொட்டி வியாபாரத்தோடு இலங்கைக்கு வந்து, இன்றைக்கு வெளி நீர்நிலைகளிலும் குடியேறியிருக்கு. டேங்க் கிளீனர் என்று நாம் கூப்பிடுகிற மீனும் அதே வழியில் போய் நம்ம குளங்களில் கிடக்கிறது. இரண்டையுமே பாசி தின்னும் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

நெற்பயிரைத் தின்று தீர்க்கிற பொமேசியா கனாலிகுலாட்டா வேறு இனம். 1980 அளவில் சாப்பாட்டுக்கு வளர்க்கலாம் என்று தாய்வானுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு பிலிப்பீன்ஸ் வயல்கள் வரை நாசம். டிஃபூசா அவ்வளவு பொல்லாதது இல்லை. ஆனா சின்னதில் இரண்டையும் பார்த்து இனம் பிரிக்கத் தெரிந்த கடைக்காரர் எத்தனை பேர்?

இந்த இடத்தில் எனக்கு ஒரு சொல் தொண்டையில் சிக்குது. இப்படி வந்து பரவுகிற உயிர்களைத் தமிழில் 'வந்தேறி இனம்' என்று எழுதுறாங்க. நம்ம சனத்தைப் பார்த்தும் இதே சொல்லைச் சொல்லியிருக்காங்க. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்ம பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கினபோது அதுக்குப் பின்னால் இருந்ததும் இந்த நினைப்புத்தான். அதனால் ஒரு நத்தையைப் பற்றி எழுதும்போதும் அந்தச் சொல்லை நான் தொட மாட்டேன். மனுசரைப் பற்றிப் பேச உயிரியல் சொல்லைக் கடன் வாங்குகிறவர்கள் உயிரியலையும் சரியாகப் படித்ததில்லை, மனுசரையும் படித்ததில்லை.

உண்மையில் கதையைத் தோண்டினால் கொண்டுவந்து விட்டவர் யார் என்பதுதான் முக்கியம். மழை விட்டதும் லயத்துச் சுவரிலும் மரக்கறித் தோட்டத்திலும் ஊர்கிற பெரிய ஆபிரிக்க நத்தையை எல்லோருக்கும் தெரியும், நம்ம அம்மாமார் உப்பைத் தூவி அலுத்துப்போன நத்தை. கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து இந்து சமுத்திரத் தீவுகளுக்குப் போய், 1847இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். இலங்கையில் அதை 1900ஆம் ஆண்டளவில் வட்டவளையில் விட்டவர் ஒலிவர் கொலெட் என்ற தோட்டத்துரை. துரை விட்டார், பொறுக்கினது நாங்க. இன்றைக்கு ஓயாவில் நத்தையை விடுகிற கை நம்ம கை என்பதுதான் எனக்கு உறுத்துது.

ஏனென்றால் இந்த ஓயாக்கள் சும்மா தண்ணி ஓடுகிற இடம் இல்லை. உலகம் முழுக்கத் தொட்டிகளில் வளர்கிற செர்ரி பார்ப் என்ற சிவப்பு மீன் நம்ம களனி, களு கங்கைகளின் நிழல் ஓடைகளிலிருந்து போனது. கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடவில், இறப்பர்த் தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவே ஓடுகிற ஒரு சின்ன ஓடையில் பந்துல பார்ப் என்ற மீன் இருக்கு. 1991இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள், இன்றைக்கு மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம். அந்த மாதிரி ஒரு ஓடைக்குள் ஒரு வாளி நத்தை போதும்.

அப்போ ஆற்றிலேயே நத்தை இருக்கே, அதை எடுத்து வளர்க்கலாமே என்று கேட்பீங்க. கல்லில் ஒட்டிக்கொண்டு பாசி மேய்கிற கறுத்த, தடித்த ஓட்டு நத்தைகள், பலுடோமஸ் என்ற வகை. அதில் பல இனங்கள் இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. 1970இல் ஒஸ்திரியாவிலிருந்து ஒரு ஆய்வுக் குழு வந்து நம்ம ஆறுகளின் நத்தைகளை வகைப்படுத்திவிட்டுப் போனது, நாம் அதன் மேலே துணி துவைக்கிறோம். அது ஓடுகிற குளிர்ந்த தண்ணிக்குப் பழகினது. ஹோர்லிக்ஸ் போத்தலிலும் இஸ்தோப்புத் தொட்டியிலும் வெதுவெதுப்பான நிற்கிற தண்ணியில் வைத்தால் கஷ்டப்பட்டுச் சாகும். விடுங்க, இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

நத்தை வேணும்தான் என்றால் ரெண்டு வழி சொல்வேன். சல்லி இருந்தால் நெரிட் நத்தை. கண்ணாடிப் பாசியைச் சுரண்டுவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. முட்டையை வெள்ளைப் புள்ளியாக எல்லா இடத்திலும் ஒட்டி எரிச்சலூட்டும், ஆனா அதன் குஞ்சு வளர உவர்த் தண்ணி வேணும், தொட்டிக்குள் பெருகாது. சல்லி இல்லாவிட்டால், செடியோடு ஒட்டிக்கொண்டு வருகிற மெலனோய்டெஸ், நீளமாகக் கூம்பு மாதிரி இருக்குமே அது. நம்ம நாட்டு வாய்க்கால்களில் இருக்கிற இனம்தான். பகலில் மணலுக்குள் புதைந்து கிளறிக்கொண்டே இருக்கும், ராத்திரி வெளியே வரும். ஆண் துணை இல்லாமலே குட்டி போடும், அதனால் எல்லோரும் அதைத் திட்டுவார்கள். அது பெருகினால் நீங்க தீனி அதிகம் போடுறீங்க என்று அர்த்தம். பரீட்சை வைக்காமலே புள்ளி போடுகிற வாத்தியார் மாதிரி.

எந்த நத்தையானாலும் கூடிப்போனால் ராத்திரி ஒரு கீரைத் துண்டைத் தொட்டியில் போட்டு வையுங்க, விடியும்போது அதில் மொய்த்திருக்கும். அப்படியே தூக்கி, நசுக்கிக் கோழிக்குப் போடலாம். கண்ணாடியில் ஒட்டின முட்டைக் கொத்தையும் பிளேடால் சுரண்டி நசுக்கிவிடுங்க. கோழி இல்லாதவங்க பக்கத்து வீட்டில் கேளுங்க, லயத்தில் யாராவது ஒருத்தர் கோழி வளர்ப்பாங்க.