மீளழைப்பு யாருக்கு?

ஓர் இலக்கிய ஏட்டிலே மோட்டார் வண்டியின் கண்ணாடிக்கு என்ன வேலை என்று கேட்போர் இருக்கக்கூடும். மனிதனுடைய உயிர் எந்தப் பொருளோடு பிணைக்கப்பட்டிருக்கிறதோ, அந்தப் பொருள் எழுத்தாளனுக்கு அந்நியமானதன்று என்பதே எமது விடை. பண்ணைத் தாம்போதியால் வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும், வாணர் பாலத்தைக் கடந்து புங்குடுதீவுக்கும் நாள்தோறும் ஓடுகின்ற வான்களிலும் கார்களிலும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நோயாளிகள் இருக்கிறார்கள், நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கக் குறிகட்டுவான் இறங்குதுறையை நோக்கி விரைகின்ற அடியார்கள் இருக்கிறார்கள். அந்த வண்டிகளின் கதவிலே பொருத்தப்பட்டிருக்கும் ஒரு சிறு சுவிட்ச், இன்றைய உலக வாணிபத்தின் நீதி எத்தகையது என்பதைப் பெரும் நூல் ஒன்றைவிடத் தெளிவாக எடுத்துரைக்கின்றது.

2012 ஒக்டோபரில் ரொயோட்டா நிறுவனம் உலகெங்கும் 74 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை மீளழைத்தது. மின்விசையால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சாரதிப் பக்கத்துச் சுவிட்சிலே கிறீஸ் சீராகப் பூசப்படவில்லை. அதனால் சுவிட்ச் இறுகி, உராய்ந்து, உருகி, புகையவோ தீப்பற்றவோ கூடும் என்பதே காரணம். யப்பானில் விற்கப்பட்ட விட்ஸ் வண்டிகளும் அப்பட்டியலில் இருந்தன. 2015 ஒக்டோபரில் மீண்டும் சுவிட்ச், மீண்டும் கிறீஸ், மீண்டும் மீளழைப்பு. இம்முறை 65 இலட்சம் வண்டிகள். இவற்றுக்கு முன்னரே, 2010 ஜனவரியில், ஹொண்டா நிறுவனம் 6 இலட்சத்து 46 ஆயிரம் கார்களை இதேவகைக் குறைக்காக மீளழைத்திருந்தது. திறந்த கண்ணாடியூடாக மழைநீர் சுவிட்சினுள் புகுந்தால் அது சூடேறித் தீப்பற்றலாம் என்று அப்போது கூறப்பட்டது. அந்த அறிவிப்புக்கு முன்னதாக, 2009 இல், தென்னாபிரிக்காவில் ஒரு காரில் எழுந்த தீயிலே இரண்டு வயதுக் குழந்தையொன்று மாண்டிருந்தது.

இவ்வாறு மீளழைப்பது நிறுவனங்களின் பெருந்தன்மை என்று புகழ்வோர் நம்மிடையே உண்டு. வரலாறு அவர்களுக்குச் சாட்சி சொல்லவில்லை. 1965 இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் சட்டத்தரணி அமெரிக்க மோட்டார் முதலாளிகளின் அசட்டையை நூலெழுதி அம்பலப்படுத்தினார். மறுவருடமே, 1966 இல், அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. யப்பானிலே மீளழைப்பு முறை 1969 இல் நிறுவப்பட்டது. அதன் பின்னரும் மிட்சுபிசி நிறுவனம் 1977 முதற்கொண்டு வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை அரசுக்குக் காட்டாது மறைத்து வந்தமை 2000 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. கதவின் மேல் முழங்காலூன்றி வெளியே எட்டிப் பார்த்த குழந்தைகள் தம்மையறியாது சுவிட்சை அழுத்தி, ஏறிவந்த கண்ணாடியிற் கழுத்து நெரிபட்டு இறந்த கொடுமைக்கும் அமெரிக்காவிலே 2005 இல் சட்டம் இயற்றியே முடிவு காண வேண்டியிருந்தது. இழுத்தால் மட்டுமே கண்ணாடி மேலேறும் சுவிட்ச் கட்டாயமாயிற்று. பெற்றோரின் கவனக்குறைவு என்று பேசிக்கொண்டே காலத்தைக் கடத்தியிருக்கலாம். சுவிட்சின் அமைப்பே குற்றவாளி என்று சட்டம் கண்டது. ஆகவே மீளழைப்பு எவரும் இட்ட பிச்சையன்று. மக்கள் போராடிப் பெற்ற உரிமை.

ஆனால் அந்த உரிமை எங்கே முடிகின்றது? யப்பானியத் துறைமுகத்திலே முடிகின்றது! அங்கே பழைய வண்டி ஏலத்திற்குப் போகின்றது; அந்நாட்டுப் பதிவேட்டிலிருந்து அதன் பெயர் நீக்கப்படுகின்றது; கப்பலேறி, 'றீகொண்டிசன்' என்ற புதுப்பெயர் சூடி, அம்பாந்தோட்டையிலோ கொழும்பிலோ இறங்குகின்றது. நிறுவனத்தின் அறிவிப்புக் கடிதமோ பதிவேட்டிலுள்ள உரிமையாளனைத் தேடிச் செல்வது. ஒசாக்காவில் இருந்தவனுக்குக் கடிதம் கிடைக்கும். ஊர்காவற்றுறையில் இருப்பவன் அக்கடிதத்தின் முகவரியிலேயே இல்லை. வண்டியோடு குறை கைமாறுகின்றது. குறைக்குரிய பரிகாரம் கைமாறுவதில்லை.

இதன் விளைவு வெறும் அறியாமையோடு நிற்பதன்று. சுவிட்ச் இறுகினால் நம்மூர்க் கராஜில் என்ன செய்வார்கள்? கடையில் வாங்கிய எண்ணெயை உள்ளே தெளித்து இளக்கிவிடுவார்கள். எந்தத் தொழிலாளியும் தன் அறிவுக்கும் அனுபவத்துக்கும் இசையச் செய்யக்கூடியது அதுதான். ஆனால் கடையில் விற்கும் மசகெண்ணெயை அந்தச் சுவிட்சில் இடலாகாது, இட்டால் அது உருகிப் புகையக்கூடும் என்று 2012 இலேயே ரொயோட்டா எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்து சேராத ஊரிலே, பழுது பார்த்தலே தீ மூட்டுதலாக மாறிவிடக்கூடும். தீவகத்திலோ இதற்கு மேலும் ஒரு பகை உண்டு. உப்புக் காற்று இரும்பையும் செம்பையும் அரிக்கின்றது. காற்றுக் காலத்தில் தாம்போதியின்மேல் அலைத்திவலை தெறிக்கின்றது. இருமருங்கும் கடல் கிடக்கும் அப்பாதையிலே வண்டியொன்று தடம் புரண்டால், திறக்க மறுக்கும் கண்ணாடி உள்ளிருப்போருக்குச் சிறைச்சுவராகாதா? அப்படியொன்று நிகழ்ந்த பின்னர்தான் நாம் பேச வேண்டுமா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே தனியாருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளே பொன்னாக மதிக்கப்பட்டன. 2012 இலும் 2015 இலும் மீளழைக்கப்பட்ட காலத்து வண்டிகள் இவ்வாறு பல கைகள் மாறி, ஆயுள் நீட்டப்பட்டு ஓடுகின்றன. ஏழையின் கைக்கு வண்டி வரும்போது அது மிகவும் மூத்துவிடுகின்றது. ஆபத்தும் அதனோடு மூத்துவிடுகின்றது.

'மலிவாக வாங்கியவன் குறையையும் ஏற்கத்தான் வேண்டும்' என்பர் சிலர். மலிவா? இறக்குமதி வரியையும் தரகையும் கடன்காரனின் வட்டியையும் கூட்டிப் பார்த்துவிட்டு அச்சொல்லைச் சொல்லட்டும். இன்னும் சிலர், கையால் சுற்றும் பழைய கண்ணாடியே மேல் என்று பெருமூச்செறிவர். பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளிலே மண்ணெண்ணெயில் ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் ஓட்டிக்காட்டிய யாழ்ப்பாணத்து மெக்கானிக்கின் ஆற்றலுக்கு நாமும் தலைவணங்குகிறோம். ஆனால் முட்டுப்பாட்டில் விளைந்த அந்தச் சாதுரியத்தையே வாழ்வின் இலட்சியமாக்குவது பிற்போக்கு. நமக்கு வேண்டியது பழமையன்று. புதிய பொருளின் முழு நீதி.

தூரத்தைக் காட்டித் தப்பவும் முடியாது. 2022 செப்ரெம்பரில் ரெஸ்லா நிறுவனம், தடையை உணர்ந்து நிற்க வேண்டிய கண்ணாடி சரிவரப் பின்வாங்குவதில்லை என்று அமெரிக்காவில் ஏறத்தாழ 11 இலட்சம் கார்களை மீளழைத்தது. ஒரு வண்டியும் கராஜுக்குப் போகவில்லை. திருத்தம் வான்வழியாகவே ஒவ்வொரு காரையும் போய்ச் சேர்ந்தது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே கிடக்கும் ஒரு வண்டிக்குக் கிறீஸ் அனுப்புவது கடினம் என்றாலும், அதன் உரிமையாளனுக்கு ஒரு செய்தி அனுப்புவதுமா கடினம்?

சுங்கத்திலே ஒவ்வொரு வண்டியின் சேசிஸ் இலக்கமும் வரிக்காகப் பார்க்கப்படுகின்றது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே அதே இலக்கம் பதிவுக்காகப் பார்க்கப்படுகின்றது. வரி அறவிடுவதற்குப் பயன்படும் இலக்கம் உயிரைக் காப்பதற்கும் பயன்படட்டும். வெளிநாட்டு மீளழைப்புப் பட்டியல்களோடு அதை ஒப்பிட்டு, குறை தீர்க்கப்பட்டதென்ற சான்றில்லாத வண்டியைப் பதியலாகாது. ஏற்கெனவே ஓடும் வண்டிகளின் இன்றைய உரிமையாளர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் செல்ல வேண்டும். திருத்தும் செலவு உற்பத்தியாளனையும் இறக்குமதியாளனையும் சார வேண்டும். அயலிலே இந்தியா தனது 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலம், குறையுள்ள வண்டிகளை மீளழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. நம் நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கின்றது. பாவனையாளன் என்ற சொல்லுக்குள் வேலணையானும் அனலைதீவானும் அடங்குவர் என்பதை அது செயலிலே காட்டட்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! ஆணை பிறக்கும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உற்பத்தி நிறுவனங்களின் மீளழைப்புப் பட்டியல்கள் இன்று எவரும் பார்க்கத்தக்கனவாக இருக்கின்றன. உங்களை ஏற்றிச்செல்லும் வானின் சேசிஸ் இலக்கத்தைக் குறித்து, பட்டியலோடு ஒப்பிட்டு, சாரதிக்குச் சொல்லுங்கள். கராஜ்த் தொழிலாளிக்கு எண்ணெயின் ஆபத்தை எடுத்துரையுங்கள். கண்டவற்றைத் தொகுத்துத் திணைக்களத்திற்கு எழுதுங்கள். ஆனால் இது அரசின் கடமைக்கு மாற்றன்று. அக்கடமையை வற்புறுத்துவதற்கான முதற்படி. தேடிச் சென்று கேட்பவனுக்கு மட்டும் கிடைப்பது சலுகை. கேளாதவனையும் தேடி வருவதே உரிமை. அந்த உரிமை குறிகட்டுவான் இறங்குதுறையையும் கடந்து நெடுந்தீவுக் கரையை எட்டும்வரை நமது குரல் ஓய்தலாகாது.