கைபேசிக்குத் துணை எது, சுமை எது?



2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவை நம் கடற்கரை மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அன்றிரவுதான் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலுக்குப் பின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 1984ஆம் ஆண்டில் வணிக முறையில் மின் உற்பத்தியைத் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையம் நம் புதுப்பட்டினத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் புயல் வந்துவிட்டால், மின்கம்பி அறுந்த வீட்டில் இருள்தான்.

அத்தகைய இரவில் வீட்டிலிருக்கும் கைபேசி வெறும் பொழுதுபோக்குக் கருவி அன்று. விளக்கும் அதுவே, வானொலியும் அதுவே. துபாயிலோ ரியாத்திலோ தூக்கமின்றி விழித்திருக்கும் மகன், தன் தாயின் குரலைக் கேட்பதற்கு இருக்கும் ஒரே வழியும் அதுவே. அதன் மின்கலம் இருபது விழுக்காட்டிலிருந்து பத்தாகி, பத்திலிருந்து ஐந்தாகும்போது அந்தத் தாயின் மனம் படும் பாடு சொல்லி முடியாது. அந்நேரம் கைபேசியின் முதுகில் மினுமினுக்கும் தங்க நிற உறை உதவாது; முன்னதாகவே மின்னேற்றி வைத்த ஒரு பவர் பேங்க்தான் உதவும்.

சென்ற மாதம் எங்கள் இல்லத்து மேசையின் இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். உள்ளே எட்டு கேபிள்கள் கிடந்தன. அவற்றில் வேலை செய்தவை இரண்டே. மூன்று சார்ஜர்கள் இருந்தன. ஒன்றில் கருகிய வாடை வீசியது. நூறு ரூபாய், நூற்றைம்பது ரூபாய் என்று அவ்வப்போது மலிவாகக் கிடைக்கிறதே என வாங்கியவை அவை. கூட்டிப் பார்த்தபோது, தரமான ஒரு சார்ஜரையும் ஒரு பவர் பேங்கையும் வாங்கியிருக்கக்கூடிய தொகை வீணாகியிருப்பது தெரிந்தது. வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் நாமே இப்படிச் செய்திருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆகவே கைபேசிக்கான துணைக் கருவி எதை வாங்கும் முன்பும் இரண்டு கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்வோம். இது நம் வீட்டின் எந்தத் தேவையை நிறைவு செய்கிறது? இது பழுதானால் நமக்கு என்ன கேடு விளையும்? முதல் கேள்விக்கு விடை கிடைக்காத பொருளை வாங்கவே வேண்டாம். இரண்டாம் கேள்விக்கு அஞ்சத்தக்க விடை கிடைக்குமானால், அந்தப் பொருளில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சார்ஜர்

இரண்டாம் கேள்விக்கு மிக அஞ்சத்தக்க விடை தருவது சார்ஜர். சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்தை 5 அல்லது 9 வோல்ட் அளவுக்குக் குறைத்துக் கைபேசிக்கு அனுப்புவது அதன் பணி. அந்த இரு மின்சாரங்களும் ஒன்றையொன்று தொடாதவாறு உள்ளே ஒரு தடுப்பு உண்டு. மலிவான போலிச் சார்ஜர்களில் அந்தத் தடுப்பு ஒழுங்காக அமைவதில்லை. கேபிளைத் தொடும் குழந்தையின் கைக்கே வீட்டு மின்சாரம் வந்து சேரும் ஆபத்து அதில் இருக்கிறது.

2020ஆம் ஆண்டுக்குப் பின் பல நிறுவனங்கள் கைபேசியுடன் சார்ஜர் தருவதை நிறுத்திவிட்டதால், அதைத் தனியே வாங்கும் நிலை பல குடும்பங்களுக்கு வந்துள்ளது. இந்தியாவில் விற்கப்படும் சார்ஜர்கள், பவர் பேங்குகள் ஆகியவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்வது கட்டாயம். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் அதன்பின் எட்டு இலக்கங்களும் கொண்ட பதிவு எண் பொருளின்மீது அச்சிடப்பட்டிருக்கும். அச்சிட்ட எண்ணும் போலியாக இருக்கலாம் அல்லவா? அதற்கும் வழியுண்டு. 'பிஐஎஸ் கேர்' என்னும் அரசுச் செயலியில் அந்த எண்ணைப் பதிந்தால், அது எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் வேறு கடைக்குச் செல்லலாம்.

திறனை அறிவதும் எளிது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 18 வாட். உங்கள் கைபேசி 18 வாட் மட்டுமே ஏற்குமானால், 65 வாட் சார்ஜரைக் கூடுதல் விலைக்கு வாங்குவதால் அது வேகமாக நிரம்பாது. தனக்கு வேண்டிய அளவையே கைபேசி எடுத்துக்கொள்ளும்.

கேபிள்

இப்போது பெரும்பாலான கைபேசிகளில் டைப்-சி என்னும் இருபுறமும் பொருந்தும் முனையே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைபேசிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. ஆப்பிள் நிறுவனமும் 2023இல் வெளியிட்ட ஐபோன் 15 முதல் இதற்கு மாறிவிட்டது. ஆகவே இனி கேபிள் வாங்குவோர், வீட்டிலுள்ள அனைவருக்கும் பொதுவாகப் பயன்படும் டைப்-சி கேபிள்கள் இரண்டை மட்டும் தரமாக வாங்கினால் போதும். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்கும். நம் தேவைக்கு அது தாராளம்.

கடலோரத்தில் வாழும் நமக்கு இன்னொரு கவனமும் வேண்டும். உப்புக் காற்றில் பித்தளைப் பாத்திரம் களிம்பு பிடிப்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். கேபிள் முனையிலும் கைபேசியின் துளையிலும் இருப்பவை அதே போன்ற உலோகத் தகடுகள்தாம். ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் அவை வெகு விரைவில் அரித்துப் போகும். ஈரக் கையுடன் கேபிளைச் செருகாதீர்கள். துளையில் மணலோ பஞ்சோ அடைத்தால் கைபேசியை அணைத்துவிட்டு, உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். ஊசி, ஊக்கு போன்றவற்றை விட்டுக் குடைய வேண்டாம்.

பவர் பேங்க்

புயல் இரவின் உண்மைத் துணை இதுதான். ஆனால் அட்டையில் எழுதியுள்ள பெரிய எண்ணைக் கண்டு ஏமாறக் கூடாது. 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் மின்கலத்தின் அளவு. அதிலுள்ள 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது எண் குறையும். வெப்பமாகவும் ஒரு பகுதி வீணாகும். கைக்கு வருவது ஏறக்குறைய 6,000 எம்ஏஎச் மட்டுமே. 'ரேட்டட் கெபாசிட்டி' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது இதைத்தான். 5,000 எம்ஏஎச் கைபேசியை 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் இரண்டு முறை நிரப்பும் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் ஒன்றரை முறைக்கும் சற்றுக் குறைவாகவே நிரப்பும். வீட்டில் இரண்டு, மூன்று கைபேசிகள் இருந்தால் 20,000 எம்ஏஎச் அளவுள்ளது பொருத்தம்.

இதிலும் பதிவு எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். ஏனெனில் உள்ளே இருப்பது லித்தியம் மின்கலம். உள்ளே பழுது நேர்ந்தால் அது தீப்பற்றக்கூடியது. 2025 ஜூன் மாதம் அமெரிக்காவில் புகழ்பெற்ற ஒரு நிறுவனம்கூடத் தன் பவர் பேங்குகளில் பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் தீ அபாயம் காரணமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெயர் பெற்ற நிறுவனத்துக்கே அந்நிலை என்றால், பெயரே இல்லாத பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கைபேசியையோ பவர் பேங்கையோ தலையணைக்கு அடியில் வைத்து மின்னேற்றம் செய்யும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். பவர் பேங்க் உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம்; குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படையுங்கள்.

ஹஜ், உம்ரா பயணம் செல்வோரும் வளைகுடாவில் பணிபுரிவோரும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. பொதுவாக 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-அவர்தான், எனவே அச்சமில்லை. ஆயினும் எமிரேட்ஸ் நிறுவனம் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்று என்ற அளவில் எடுத்துச் செல்ல மட்டுமே அனுமதித்து, விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. பயணச்சீட்டு வாங்கும்போதே அந்தந்த நிறுவனத்தின் விதியைக் கேட்டறிவது நல்லது.

உறையும் கண்ணாடித் தகடும்

இங்கே நாம் சிக்கனமாக இருக்கலாம். உறை கிழிந்தால் வேறொன்று மாற்றிக்கொள்ளலாம். உயிருக்கோ வீட்டுக்கோ கேடில்லை. நான்கு மூலைகளும் தடித்து, திரையைவிட விளிம்பு சற்றே உயர்ந்திருக்கும் ரப்பர் உறை போதுமானது. அழகு வேலைப்பாடுகள் விலையை ஏற்றுமே தவிர, கைபேசி விழும்போது தாங்கா.

திரைமேல் ஒட்டும் டெம்பர்டு கிளாஸ் நமக்குத் தேவையான ஒன்று. அதன் அட்டையில் '9 எச்' என்றிருப்பதைக் கண்டு எதுவும் கீறாது என்று நம்ப வேண்டாம். அது பென்சில் முனையைக் கொண்டு செய்யும் சோதனையின் அளவு. நம் கடற்கரை மணலிலுள்ள படிகக் கற்கள் கண்ணாடியைவிடக் கடினமானவை. மணலோடு சட்டைப் பையில் உராயும் திரையில் கீறல் விழத்தான் செய்யும். விழும் கீறல் இருநூறு ரூபாய்த் தகட்டின்மீது விழட்டும் என்பதே இதை ஒட்டுவதன் பயன்.

தண்ணீர் புகாத கைபேசி என்னும் விளம்பரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐபி68 போன்ற தரச் சோதனைகள் நன்னீரில் செய்யப்படுபவை. கடல்நீருக்கு அந்த உறுதி பொருந்தாது. படகில் செல்வோரும் மழைக்காலத்தில் வெளியே செல்வோரும் இறுக மூடும் பிளாஸ்டிக் பை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். கைபேசி நனைந்துவிட்டால் உடனே அணைத்து, துடைத்து, காற்றோட்டத்தில் வையுங்கள். உலரும் வரை மின்னேற்ற வேண்டாம். அரிசிக்குள் புதைக்கும் கைவைத்தியம் வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் அறிவுறுத்தியது. அரிசித் துகள் உள்ளே புகுந்து கேடு செய்யும்.

கம்பியுள்ள இயர்போன்

கம்பியில்லா இயர்போன்கள் பெருகிவிட்ட இந்நாளில், கம்பியுள்ள பழைய வகை ஒன்றையும் வீட்டில் வைத்திருங்கள். எஃப்.எம். வானொலி வசதியுள்ள கைபேசிகளில் அந்தக் கம்பியே அலைவாங்கியாகப் பயன்படுகிறது. புயலில் கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்து இணையம் நின்றாலும், வானொலிச் செய்தி காற்றில் வந்துகொண்டிருக்கும். உங்கள் கைபேசியில் அவ்வசதி உள்ளதா, உங்கள் தெருவில் எந்த நிலையம் தெளிவாகக் கேட்கிறது என்பதை நல்ல வானிலையின்போதே சோதித்துக் குறித்து வையுங்கள்.

பிள்ளைகள் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்பதையும் கண்காணியுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு. ஒலி கூடக்கூட, கேட்கும் நேரம் வெகுவாகக் குறைய வேண்டும். போன செவித்திறன் திரும்பி வராது.

வேண்டாதவை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருசக்கர வண்டியில் செல்லும் இளைஞர்கள், கைப்பிடியில் கைபேசியைப் பொருத்தும் பிடிப்பானை விரும்பி வாங்குகிறார்கள். சக்தி மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு, கைபேசியின் கேமராவைப் பழுதாக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2021இலேயே எச்சரித்தது. கண் சாலையில் இருப்பது அதைவிட முக்கியம். விளக்கு மின்னும் உறை, விரலில் மாட்டும் வளையம், கதிர்வீச்சைத் தடுப்பதாகச் சொல்லும் ஒட்டுவில்லை ஆகியவை நம் முதல் கேள்விக்கே விடை தராதவை.

சுருங்கச் சொன்னால், பதிவு எண் உள்ள ஒரு சார்ஜர், இரண்டு கேபிள்கள், ஒரு பவர் பேங்க், எளிய உறை, ஒரு கண்ணாடித் தகடு, கம்பியுள்ள ஓர் இயர்போன். ஒரு குடும்பத்துக்கு இவை போதும். ஒரே சமயத்தில் எல்லாம் வாங்க இயலாதவர்கள் சார்ஜரிலும் பவர் பேங்கிலும் தொடங்குங்கள்.

பவர் பேங்கைப் பயன்படுத்தாத மாதங்களிலும் முற்றிலும் வற்றவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் மின்னேற்றி வையுங்கள். ஐப்பசி பிறந்ததும் அதை முழுமையாக நிரப்பி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பின் கடைத்தெருவுக்கு ஓடினால், அங்கே கூட்டம் இருக்கும், பொருள் இருக்காது.

இந்த மாதம் உங்கள் வீட்டு இழுப்பறையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கருகிய வாடை வீசும் சார்ஜர் ஏதேனும் இருந்தால், இன்றிரவு அதைச் சுவரில் மாட்டாதீர்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.