அறளை பெயர்ந்ததா?

வயது முதிர்ந்தார் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வாராயின், "அறளை பெயர்ந்துவிட்டது" என்று நகைத்து அப்பாற் செல்வது யாழ்ப்பாணத்து வழக்கம். அச்சொல்லின் நயத்தை வியந்து மாணாக்கருக்கு எடுத்துரைத்தவன் யான். என் அன்னையார் அந்நிலை எய்திய பின்னர் அதனைச் சொல்ல என் நா எழுவதில்லை.

82 வயதினராகிய அவர் என்னைத் தம் தமையனாரென எண்ணி "அண்ணை" என்று அழைக்கின்றார். காலையில் உண்டதை நண்பகலில் அறியார்; இளமையிற் பாடஞ்செய்த தேவாரத்தையோ ஓரெழுத்தும் பிழையாது ஓதுகின்றார். அண்மையிற் பதிந்தவை முந்தி அழிவதே இந்நோயின் இயல்பு என்றார் மருத்துவர்.

நோய் என்றே அவர் சொன்னார். மூப்பின் இயற்கையாயின் மூத்தோர் யாவர்க்கும் அது வரவேண்டுமன்றோ? 1906ஆம் ஆண்டிலே செருமானிய மருத்துவர் அல்சைமர் இதனை முதன்முதல் விளக்கியபோது, அவர் ஆராய்ந்த பெண்மணி ஐம்பதின் தொடக்கத்திலேயே நோயுற்றவர். மேலும், தைரொயிட்டுச் சுரப்புக் குறைவாலும் விற்றமின் பி12 குறைவாலும் வருகின்ற மறதி மருந்தினால் மாறவுங் கூடும். அறளையென்று ஒதுக்கிவிட்டால் அவ்வாய்ப்பும் போயிற்று.

மாறாத நோய்க்குப் பராமரிப்பே துணை. அதனைச் செய்பவர் யார்? என் இல்லத்தில் என் மனைவி. நள்ளிரவிலே அன்னையார் பிறந்தகம் செல்வதாகச் சொல்லிப் படலையைத் திறப்பார். பின்னே ஓடுபவர் அவரே. மறுநாட் காலையில் யான் கல்லூரியிலே 'அன்புடைமை' அதிகாரம் கற்பித்துக்கொண்டிருப்பேன்!

அயல் வீடுகளில் இவ்வுதவியுமில்லை. பிள்ளைகள் கனடாவில், பணம் வருகின்றது, இரவில் விழித்திருக்க ஆள் வருவதில்லை. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே இலங்கையில் நூற்றுக்கு 12.4 பேர் அறுபதைக் கடந்தவர்கள். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆயினும் சட்டம் இரவிலே படலையைக் காக்க வருமா?

யான் வேண்டுவது பெரிதன்று. ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் உள. பகலிற் பத்திரிகை படிப்பார் சிலரே. கிழமையில் இரண்டு நாள், பயிற்சி பெற்ற தாதி ஒருவரை அமர்த்தி, இத்தகைய முதியோரை அரைநாள் அங்கே வைத்துப் பேணலாம். முதியோரைத் தள்ளிவிடுவதாகாதா என்று கேட்பார், ஓரிரவு அவரோடு விழித்திருந்தபின் கேட்பாராக.

சென்ற மாதம் என் தமக்கையார் இரண்டு நாள் வந்து நின்றார். முதல்நாள் முழுவதும் என் மனைவி உறங்கினார்.