சந்தியில் தொங்கும் அந்தரங்கம்

ஒருவர் தம் நண்பருக்கு எழுதிய வரியை முன்பின் அறியாதார் எடுத்து ஊரார் முன்னிலையில் தொங்கவிட்டால், அதனைக் கலை என்பதா, ஒட்டுக்கேட்டல் என்பதா? இணையத்தில் உலவும் மக்களின் சொற்களைப் பொதுவிடங்களிலே காட்சிப்பொருளாக்கும் புதிய கலைவகையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இக்கேள்வி என்னை விடுவதில்லை.

புள்ளிவிபரவியலாளர் மார்க் ஹன்சனும் ஒலிக்கலைஞர் பென் ரூபினும் ஆக்கிய படைப்பொன்று 2002ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க் விட்னி நூதனசாலையிலே வைக்கப்பட்டது. இருண்ட அறை, வளைந்த சட்டத்திலே 231 சின்னஞ்சிறு மின்திரைகள். இணைய உரையாடற் கூடங்களில் யார் யாரோ எழுதும் வரிகளைக் கணினி பொறுக்கித் திரைகளில் ஓடவிடும். இயந்திரக் குரல் அவற்றை ஓதும். 'நான்' என்று தொடங்கும் வாக்கியங்கள் மட்டுமே வந்து குவியும் பகுதியும் அதில் உண்டு. பதிவாகத்தான் கண்டேன், அதற்கே நெஞ்சு கனத்தது. எதிரியின் அசைவை ஒற்றுக்கேட்கும் காவலிடத்துக்கு ஆங்கிலத்திலே வழங்கும் பெயரைத்தான் அப்படைப்புக்கு இட்டிருந்தார்கள். பெயரிலாவது ஒளிவுமறைவில்லை!

2009இல் கிறிஸ்தோபர் பேக்கர் என்பார் வேறொன்று செய்தார். கடைகளிலே பற்றுச்சீட்டு அச்சிடும் சிறு இயந்திரங்கள் 30ஐச் சுவரில் மாட்டினார். ருவிற்றரிலே பெருமூச்சும் சலிப்பும் உறுமலுமாக மக்கள் எழுதியவை நாடா நாடாக அச்சாகித் தரையிலே குவிந்தன.

"பொதுவெளியில் எழுதியவைதாமே?" என்பர் சிலர். தெருவிலே இருவர் பேசுவதும் பொதுவெளியில்தான். அதனை ஒலிபெருக்கியில் வாசிப்பது வேறு காரியம் அன்றோ? பெயரை நீக்கிவிட்டாலும், எழுதியவன் தன் குரலை அடையாளங் கண்டுகொள்வான்.

பெர்லின் நகரத்தார் வேறு வழி கண்டனர். 2001இல் அலெக்சாந்தர் சதுக்கத்திலுள்ள 'ஆசிரியர் இல்லம்' என்னும் கட்டிடத்தின் (நம் ஆசிரியர்கள் மகிழ்க!) எட்டு மாடிகளில், மாடிக்கு 18 ஆக 144 சன்னல்களுக்குப் பின்னே விளக்குகளை வைத்தது ஒரு கணினி ஆர்வலர் கழகம். வழிப்போக்கர் கைத்தொலைபேசியால் அச்சுவரிலே பந்தாடினர். தாமே வரைந்த காதற் கடிதங்களையும் ஒளிரவிட்டனர். எதனைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்பதை அனுப்பியவரே தீர்மானித்தார்.

ஆயினும் ஒன்றை மறைக்க மாட்டேன். கலையென்ற அளவில் பெர்லின் சன்னல்களினும் நியூயோர்க் திரைகளே ஆழமானவை. அழைப்புக் கிடைத்ததும் மனிதர் உடை திருத்திக் கொள்கிறார்கள். அழைக்கப்படாத வேளையிலேதான் உண்மை பேசுகிறார்கள். எனக்குள்ள சங்கடமும் இதுவே.

நம் கல்லூரி மன்றங்களோ இலக்கிய வட்டங்களோ நாளை மாணவரின் முகநூல் வரிகளை மண்டபச் சுவரில் ஒளிரச் செய்ய முற்படலாம். கையெழுத்துப் பத்திரிகை நடத்திய மரபினர்க்கு இவ்வாசை இயல்பே. ஆழம் குறைந்தாலும் குறையட்டும். எழுதியவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்டது போதாது, வேண்டாமென்றால் எடுத்துவிடும் வசதியும் அவர் கையிலிருக்க வேண்டும். நள்ளிரவிலே மனமுடைந்து எழுதியதை விடிந்ததும் அழித்துவிடுகிறவர் எத்தனையோ பேர். பேக்கரின் இயந்திரத்தில் அகப்பட்ட வரியோ, அழித்த பின்னரும் அந்தக் காகிதக் குவியலிலேயே கிடக்கும்.