தோட்டாவின் ஆற்றலும் மணிக்கட்டின் கணக்கும்



அண்மையில் நான் கலந்துகொண்ட ஒரு கருத்தரங்கில், பெண்களின் தற்காப்பைப் பற்றிப் பேச வந்த ஓர் ஆய்வாளர் திரையில் மூன்று எண்களைக் காட்டினார். .32, .38, .357 மேக்னம் ஆகிய மூன்று ரிவால்வர் தோட்டாக்களின் ஆற்றல் அவை. அவற்றிலிருந்து அவர் எட்டிய முடிவு: "இந்தியப் பெண்ணின் கையில் நாம் கொடுத்திருப்பது இருப்பவற்றுள் வலுக்குறைந்த தோட்டா. சட்டத்தைத் தளர்த்திப் பெரிய தோட்டாவைக் கொடுங்கள்; பாதுகாப்பு தானாக வரும்." துப்பாக்கியின் எடை என்னவென்று கேட்டேன். "அதெல்லாம் பயிற்சியில் சரியாகிவிடும்" என்றார். அரங்கு கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

நான் பாறசாலைக்கு அருகிலுள்ள ஓர் எல்லைக் கிராமத்தைச் சேர்ந்தவன். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டத்துத் தமிழர்கள் கேரளத்திலேயே தங்கிவிட்டோம். இரு பக்கத்தாரும் துப்பாக்கியை அறிந்தவர்கள். குழலின் எதிர்முனையில் நின்று அறிந்தவர்கள். 1938 ஆகஸ்டு 31 அன்று நெய்யாற்றின்கரையிலும், 1954 ஆகஸ்டு 11 அன்று தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. 2020 ஜனவரி 8 இரவு, பாறசாலையிலிருந்து பேருந்தில் சில நிமிடத் தொலைவிலுள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் கைத்துப்பாக்கியால் மிக அருகிலிருந்து சுடப்பட்டு இறந்தார். அன்று தொடங்கி எங்கள் தேநீர்க்கடைகளில் ஒலித்த "பெரிய துப்பாக்கி இருந்திருந்தால்" என்ற பேச்சை நான் குறைகூற மாட்டேன். அது துயரத்தின் பேச்சு. அதே பேச்சு வரைபடமும் அட்டவணையும் அணிந்து பல்கலைக்கழக மேடையேறி, சட்டத் திருத்தம் கோரும்போது அதற்குக் கணக்குக் கேட்பது நம் கடமை.

கணக்கு பதினொன்றாம் வகுப்புக் கணக்குத்தான். பூவாற்றுக் கழிமுகத்தில் சிறு வள்ளத்திலிருந்து கரைக்குத் தாவியவர்களுக்குத் தெரியும்: நாம் முன்னே பாய வள்ளம் பின்னே நழுவும். பெரிய படகிலிருந்து அதே வேகத்தில் தாவினால் படகு அசைவதே தெரியாது. தோட்டாவுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு இதுவே. தோட்டா முன்னோக்கிப் பெறும் உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. அந்த உந்தத்தின் இருமடியைத் துப்பாக்கி எடையின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது பின்னுதைப்பின் ஆற்றல். ஆகவே உந்தம் இரட்டித்தால் பின்னுதைப்பு நான்கு மடங்காகும். துப்பாக்கியின் எடை பாதியானால் பின்னுதைப்பு இரட்டிக்கும்.

இதை அரை கிலோ எடையுள்ள குறுங்குழல் ரிவால்வருக்குப் பொருத்துவோம். அந்த எடையை நான் கற்பனையில் எடுக்கவில்லை. 2012 டிசம்பர் தில்லிக் கொடுமைக்குப் பின், 2014 ஜனவரியில், கான்பூர் அரசுப் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென்று வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரின் எடை 500 கிராம். டைட்டேனியக் கலப்புலோகத்தால் ஆனது; ஆறு தோட்டா கொள்வது; .32 அளவினது.

.32 தோட்டாவின் நிறை ஏறக்குறைய 6.35 கிராம். குறுங்குழலிலிருந்து நொடிக்கு 215 மீட்டர் வேகத்தில் வெளிவருவதாகக் கொண்டால் அதன் ஆற்றல் 147 ஜூல், பின்னுதைப்பு 1.9 ஜூல். .38 ஸ்பெஷல் தோட்டா 10.2 கிராம், வேகம் 210 மீட்டர் என்றால் ஆற்றல் 225 ஜூல், பின்னுதைப்பு 4.6 ஜூல். .357 மேக்னத்தில் அதே 10.2 கிராம் 330 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால் ஆற்றல் 555 ஜூல், பின்னுதைப்பு 11.3 ஜூல். வேகங்கள் தோராயமானவை, குழலின் நீளமும் மருந்தின் அளவும் மாறினால் இவையும் மாறும். குழலைவிட்டுச் சீறும் வெடிவாயுவின் உதைப்பை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் மருந்து மிகுந்த மேக்னத்தின் நிலைதான் இன்னும் மோசமாகும்.

இப்போது விகிதங்களைப் பாருங்கள். .32இலிருந்து .38க்குச் சென்றால் தோட்டாவின் ஆற்றல் ஒன்றரை மடங்கு. கையில் விழும் உதைப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மேக்னத்துக்குச் சென்றால் ஆற்றல் நான்கு மடங்கைக்கூட எட்டவில்லை. உதைப்போ ஆறு மடங்கைத் தாண்டுகிறது. கருத்தரங்கத் திரையில் முதல் விகிதம் மட்டுமே இருந்தது. இரண்டாம் விகிதத்தை மறைத்த அட்டவணை பாதி உண்மைகூட அல்ல; அது விளம்பரம்.

குறுங்குழல் இன்னொரு தண்டமும் விதிக்கிறது. மருந்து முழுதாக எரிந்து முடிவதற்குள் தோட்டா வெளியேறிவிடுகிறது. எஞ்சியது குழல் வாயில் தீயாகவும் பேரொலியாகவும் வீணாகிறது. மேக்னம் போன்ற மருந்து மிகுந்த தோட்டாக்களில் இந்த இழப்பு அதிகம். நீண்ட குழலில் அளந்த ஆற்றலை எடுத்துக் குட்டை ரிவால்வரின் பெயருக்கு எதிரே எழுதுவது, தேங்காயை மட்டையோடு நிறுத்து விற்பதைப் போன்றது.

குறி பார்ப்பதிலும் இதே கதை. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 20 செ.மீ. இருந்தால், 1 மி.மீ. பிசகு 10 மீட்டர் தொலைவில் 5 செ.மீ. விலகலாகும். இடைவெளி 10 செ.மீ. என்றால் அதே பிசகு 10 செ.மீ. விலகலாகும். அடுத்த உதைப்பை எண்ணி முன்கூட்டியே கூசும் மணிக்கட்டு 1 மி.மீ. பிசகோடு நிற்காது. படாமல் போன தோட்டாவின் ஆற்றல் 147 ஜூலானால் என்ன, 555 ஜூலானால் என்ன? இலக்கைப் பொறுத்தவரை அது சுழி. வழியில் நிற்பவரைப் பொறுத்தவரை அது சுழி அன்று. நெய்யாற்றின்கரைப் பேருந்து நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்புக்கும் வலுவான சான்று உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸ் போரில் .38 போதவில்லை என்று கண்ட அமெரிக்க ராணுவத்துக்காக 1904இல் தாம்சனும் லகார்டும் சோதனை நடத்திப் பெரிய விட்டத் தோட்டாவையே பரிந்துரைத்தனர். உண்மைதான். ஆனால் அந்த .45 தோட்டாவை ஏற்ற எம்1911 கைத்துப்பாக்கி ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. பிரிட்டிஷ் ராணுவத்தின் .455 வெப்லியும் அவ்வாறே. முதல் உலகப் போருக்குப் பின் அதே பிரிட்டிஷ் ராணுவம், குறுகிய காலப் பயிற்சி பெற்ற வீரரால் .455இன் உதைப்பை அடக்கிச் சுட இயலவில்லை என்று கண்டு, .38 அளவுக்கு இறங்கி வந்தது. உடல் வலிமை பார்த்துத் தேர்ந்து, சம்பளம் கொடுத்துப் பயிற்றிய படைவீரரின் நிலையே இதுவென்றால், உரிமம் பெற்றுக் கைப்பையில் துப்பாக்கி வைத்திருக்கும் ஆசிரியைக்கு "பயிற்சியில் சரியாகிவிடும்" என்று சொல்வது எந்த அறிவியல்?

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் .38, .455, 9 மி.மீ. ஆகியவை குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவுகள்; .32 தடையற்றது. "தடைசெய்யப்பட்டது என்றால் வலிமை மிக்கது" என்று நண்பர்கள் பலர் நம்புகிறார்கள். அந்தப் பிரிவினை பெரிதும் படையும் காவல்துறையும் கையாண்ட அளவுகளை ஒட்டியது; ஆற்றலின் தரவரிசை அன்று. பெயரிலுள்ள எண்ணும் ஆற்றலைச் சொல்லாது. .38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் ஒரே விட்டமுள்ள தோட்டாவையே செலுத்துகின்றன. ஆற்றலில் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகின்றன. எண்ணைப் பார்த்து வலிமையை மதிப்பிடுபவர் அட்டைப்படத்தைப் பார்த்து நூலுக்கு மதிப்புரை எழுதுபவர்.

.32 போதுமானது என்று நான் வாதிடவில்லை. அதன் ஆற்றல் குறைவென்ற மனக்குறை நியாயமானதாகவே இருக்கலாம். எடையைக் குறைத்துக்கொண்டே ஆற்றலைக் கூட்ட முடியாது, கூட்டினால் அந்த விலையைச் செலுத்துவது சுடுபவரின் கை என்பதே என் வாதம். நிர்பீக் வெளிவந்தபோது அதன் விலை 1,22,360 ரூபாய். எங்கள் ஊர் முந்திரி ஆலைப் பெண்களுள் எவராலும் அதை வாங்க முடியாது என்பது முதல் உண்மை. வாங்க முடிந்தவருக்கும், கையாள முடியாத ஆற்றலைப் பாதுகாப்பென்று விற்கலாகாது என்பது இரண்டாவது. முதலாவதை அந்தக் கருத்தரங்கில் எவரும் பேசவில்லை. இரண்டாவதைப் பேசியபோது கேட்க எவருமில்லை.

இத்துறையில் எழுதும் ஒவ்வொருவரிடமும் நான் கோருவது எளியது. தோட்டாவின் ஆற்றலைக் குறிப்பிடும்போது குழலின் நீளத்தையும் துப்பாக்கியின் எடையையும் பின்னுதைப்பையும் அதே வரியில் எழுதுங்கள். பெண்களுக்காகப் பரிந்துரைத்தால், பயிற்சி பெறாத பெண்களின் கையில் கொடுத்து, இரண்டாவது, மூன்றாவது தோட்டா எங்கே பட்டது என்று அளந்த தரவை வெளியிடுங்கள். அத்தகைய தரவு உங்களிடம் இருந்தால் என் கணக்கைத் திருத்துங்கள். இதே பக்கத்தில் ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால், சட்டத்தைத் தளர்த்தச் சொல்லும் பரிந்துரையைத் திரும்பப் பெறுங்கள்.