டில்லி தீர்ப்பாயமும் தனுஷ்கோடி பில்லும்

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் தனுஷ்கோடிப் பக்கம் போனால் செல்போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக் கொள்ளும். சர்வதேச ரோமிங் திறந்துள்ள சிம் என்றால், இந்திய மண்ணில் நின்றபடியே வெளிநாட்டுக் கட்டணம் ஏறும். இந்தத் தகராறை யாரிடம் கொண்டு போவது?

தொலைத்தொடர்புக்கென்றே டில்லியில் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. பெயர் டிடிசாட். விதிகளை வகுக்கும் டிராய் அமைப்பே வழக்கையும் தீர்ப்பது சரியல்ல என்று 2000-ல் சட்டத்தைத் திருத்தி இதை உருவாக்கினார்கள். அரசுக்கும் கம்பெனிக்கும், கம்பெனிக்கும் கம்பெனிக்கும், கம்பெனிக்கும் நுகர்வோர் குழுவுக்கும் இடையிலான தகராறுகளை இது விசாரிக்கும். மேல்முறையீடு நேராக சுப்ரீம் கோர்ட்டுக்கு.

இது தேவையான அமைப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றும் தங்களுக்குள் செய்து கொண்ட 3ஜி ரோமிங் ஒப்பந்தத்தை அரசு தடுத்தபோது, அந்தத் தடை செல்லாது என்று 2014-ல் தீர்ப்பளித்தது டிடிசாட்தான். ஸ்பெக்ட்ரம், இன்டர்கனெக்‌ஷன் போன்ற விஷயங்களைப் புரிந்து தீர்ப்புச் சொல்லத் துறை அறிவு வேண்டும்.

ஆனால் தனி ஆள்? நுகர்வோர் மன்றத்தில் போடக்கூடிய தனிநபர் புகாரை டிடிசாட் ஏற்காது. சட்டத்தின் 14-ம் பிரிவே அப்படிச் சொல்கிறது. சரி, நுகர்வோர் மன்றம் போகலாம் என்றால், டெலிபோன் பில் தகராறுக்குத் தந்திச் சட்டப்படி மத்தியஸ்தம்தான் வழி என்று சுப்ரீம் கோர்ட் 2009-ல் கூறியது. இரண்டு கதவும் சாத்தியது போலாயிற்று. 2022 பிப்ரவரியில்தான் நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது.

எனவே முதலில் கம்பெனியின் புகார் மையம், பிறகு அதன் மேல்முறையீட்டு அதிகாரி. அதிலும் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

ஒரே பிரச்சினை கடற்கரை முழுக்க இருந்தால் குழுவாக டிடிசாட் போகச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பாம்பன் மீனவர்கள் 2000 கி.மீ. தாண்டி எப்படிப் போவார்கள்? ஆண்டுக்கு ஓரிரு முறையாவது மதுரை போன்ற ஊர்களில் டிடிசாட் அமர வேண்டும். கம்பெனிகள் மட்டும் எட்டக்கூடிய தூரத்தில் இருந்தால், நுகர்வோர் குழு என்ற வார்த்தை சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடும்.

அதுவரை தனுஷ்கோடி போகும்போது டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வை 'மேனுவல்' என மாற்றி வையுங்கள். வழக்கை விட இது மலிவு!